நேட் விமான மாடல்: விற்பதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



எழுதுபொருள், விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளில் இப்போது ஒரு சரக்கைப் பற்றி அவ்வப்போது விசாரிக்கிறார்கள். பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் போர் விமான மாடல் அது. வாங்குபவரே ஒட்டி, தேய்த்து, வண்ணம் தெளித்து முடிக்க வேண்டும். கேட்பவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்ல. கல்லூரி மாணவர்கள், நெய்வேலியில் வேலை பார்ப்பவர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் போன்றோரே அதிகம். கம்மாபுரத்தில் இருந்துகொண்டு சுற்று வட்டாரச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் எங்களிடமும் இந்தக் கேள்வி வந்தது. வரவழைத்துக் கொடுத்தோம். கொடுத்ததில் ஒரு பெட்டி, 'உள்ளே எல்லாம் உடைந்து கிடக்கிறது' என்று திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பாகமும் உடையவில்லை. பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்தபடி வருவதுதான் இதன் முறை. வாங்கியவருக்கு அது தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை.

அரிசியையும் பருப்பையும் எப்படிச் சமைப்பது என்று நாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தச் சரக்கு அப்படியல்ல. செய்முறை தெரிந்த கடைக்காரர் கையில் இருந்தால்தான் இது நகரும். தெரியாதவர் கையில் முதல் முடங்கும். ஆகவே நம் நாட்டு வாடிக்கையாளர் அதிகம் கேட்கும் 'நேட்' என்ற ஒரே விமானத்தை வைத்து இதை விளக்குகிறோம்.

முதலில் விமானத்தைப் பற்றி. நேட் என்றால் ஆங்கிலத்தில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி. பெட்டர் என்ற பொறியாளர் பிரிட்டனில் ஃபோலண்ட் நிறுவனத்தில் வடிவமைத்த இந்தச் சிறிய ஜெட் விமானம் 1955 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. சண்டை விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகி, விலையும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சிறியதாக, மலிவாக, நிறையச் செய்யலாம் என்பது பெட்டர் போட்ட கணக்கு. வியாபாரிகளான நமக்கு உடனே புரியும் கணக்குதான். பிரிட்டிஷ் விமானப் படை ஒற்றை இருக்கைச் சண்டை விமானத்தைத் தன் படையில் சேர்க்கவில்லை. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. இந்தியாதான் 1956-ல் உரிமம் பெற்று, பெங்களூரில் விமானத்தையும் அதன் ஆர்ஃபியஸ் இயந்திரத்தையும் செய்யத் தொடங்கியது.

1965 போரிலும் 1971 போரிலும் இந்தச் சிறு விமானம் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்றது. 'சேபர் கொல்லி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமான தளத்தின் மேல் சேபர்கள் குண்டு வீசிக்கொண்டிருக்கும்போதே, 18-ஆம் அணியைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் சேகான் நேட் விமானத்தில் ஏறிப் பறந்தார். எதிரே 6 விமானங்கள். சண்டையில் உயிர் நீத்த அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்திய விமானப் படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அதே 18-ஆம் அணிதான் 2020 மே மாதம் நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் செயல்படத் தொடங்கியது. 'சேகான் ஓட்டிய விமானம் இருக்கிறதா?' என்று ஒருவர் கேட்டு வந்தால் அவர் எதைக் கேட்கிறார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. சந்தையில் அதிகம் காணப்படும் நேட் பெட்டி, பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சிவப்பு நிற விமானம். அது பிரிட்டிஷ் சாகச அணி பறந்த இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். மூக்கு நீளம், இறக்கையும் பெரிது. சேகான் ஓட்டியது ஒற்றை இருக்கை. சிவப்பு விமானத்தை வாங்கி வேறு வண்ணம் அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்பது சரியல்ல. ஓய்வு பெற்ற விமானப் படைக்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு நம் கடைக்கு வரமாட்டார். ஆர்டர் கொடுக்கும்போதே ஒற்றை இருக்கைச் சண்டை விமானம் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

அளவும் அப்படியே. பெட்டியின் மேல் 1:72 என்று இருந்தால் உண்மை விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. நேட் உண்மையில் ஏறத்தாழ 8.7 மீட்டர் நீளம், இறக்கை 6.7 மீட்டர். அப்படியானால் மாடல் 12 செ.மீ. நீளம், இறக்கை 9 செ.மீ. சொச்சம்தான் வரும். ஒரு பேனா அளவுகூட இல்லை. 1:48 என்றால் 18 செ.மீ. நீளம். பெட்டி பெரிதாக இருப்பதைப் பார்த்து வாடிக்கையாளர் ஏமாந்துபோகாமல் இருக்க, கடையில் ஒரு அளவுகோலை வைத்துக் காட்டுவது நல்லது.

இனி செய்முறை. சட்டத்திலிருந்து பாகத்தைக் கையால் முறிக்கக் கூடாது. சிறு கட்டர் கொண்டு சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய்ப் பசை பாகங்களில் இருக்கக்கூடும் என்பதால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது அவசியம். இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது.

ஒட்டுவதற்கு மாடல் பசை என்று தனியாக வருகிறது. அது பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். நாம் கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையும் பிடிக்கும். ஆனால் அதன் ஆவி பட்டால் விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடி வெள்ளையாகப் பூத்துப்போகும். கண்ணாடிக்கு மட்டும் வெள்ளை மரப்பசை போதும். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் ஒரு சண்டை மிச்சம்.

இன்னொன்று எடை. மூன்று சக்கர ஜெட் மாடல்கள் பலவும் ஒட்டி முடித்தபின் வால் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மூக்கின் உட்புறம், இரண்டு பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே, ஈயத் துண்டு வைக்க வேண்டும். தூண்டில் ஈயம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறதே, அது போதும். நேட் விமானத்தின் சக்கரங்களைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. பறக்கும்போது அவற்றைப் பாதி இறக்கினால் அதுவே வேகத்தைக் குறைக்கும் தடையாக வேலை செய்யும். தனியாக ஒரு உறுப்பு வைக்காமல் எடையை மிச்சம் பிடித்த ஏற்பாடு. விமானத்தின் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளும் காற்று புகும் வாய்களின் ஓரத்தில் இருக்கும். மாடலில் அந்தத் துளைகள் வண்ணத்தால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பாதிகள் சேரும் கோட்டை மறைப்பதில்தான் பாதி வேலை. இதை விருத்தாசலம் வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதே இல்லை. பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றி எடுக்கும் பீங்கான் பொம்மையிலும் இதே கோடு விழும். நம் பட்டறைப் பெண்கள் ஈரப் பஞ்சால் ஒரு இழுப்பில் அதை எடுத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கில் அந்த இடத்தில் மக்கு வைத்து, காய்ந்தபின் 400 எண் பேப்பரில் தொடங்கி 1000 எண் வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் என்பது பேனா போன்ற சிறு கருவி. கிளேஸ் தெளிக்கும் ஸ்ப்ரே கன்னுக்குத் தம்பி என்று சொல்லலாம். கிளேஸ் கன்னின் துளை பொதுவாக 1.5 மி.மீ.க்கு மேல். இதன் துளையோ 0.2 அல்லது 0.3 மி.மீ.தான். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னே இழுத்தால் வண்ணம். காற்றை முதலில் விட்டுப் பிறகு வண்ணம், நிறுத்தும்போது வண்ணத்தை முதலில் அடைத்துப் பிறகு காற்று. இந்த வரிசை மாறினால் துளி தெறித்துவிடும். காற்றழுத்தம் 15 முதல் 20 பவுண்டு போதும். டயர் கடைக் கம்ப்ரஸரில் நேரடியாகக் கோத்தால் கருவியும் கெடும், மாடலும் கெடும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும், நீரைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்க்குள் நீர் கோத்து வண்ணத்தோடு துப்பும்.

பீங்கான் பட்டறையில் கை பழகியவர்களுக்கு இந்த வேலை சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கையின் ஓட்டம் அவர்களுக்கு உண்டு, அது பெரிய முதல். ஆனால் ஒருமுறை சுட்ட பீங்கான் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கிளேஸைக் கனமாகத் தெளித்தாலும் நிற்கும். மேலும் கிளேஸ் சூளையில் உருகி ஓடித் தானாகவே வழவழப்பாகும், சிறு குறைகளை நெருப்பு மன்னித்துவிடும். பிளாஸ்டிக் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது, சூளையும் கிடையாது. தெளித்தது தெளித்தபடியே நிற்கும். ஆகவே வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, 5 முதல் 8 செ.மீ. தூரத்தில், கை நிற்காமல் மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு 3, 4 முறை தெளிக்க வேண்டும். முதலில் பழைய நாளிதழில் தெளித்துப் பார்ப்பது நல்லது. அடிப்பூச்சாகச் சாம்பல் நிற பிரைமர். அதில் தேய்ப்புக் குறைகள் எல்லாம் தெரிந்துவிடும், அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

எந்த வண்ணம் என்று கேட்பார்கள். 1965-ல் நேட் விமானங்கள் பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் இருந்தன. 1971-ல் உருமறைப்பு வண்ணம் பூசியவை பறந்தன. வெள்ளி நிறம்தான் கடினம். அதற்கு அடியில் பளபளக்கும் கறுப்பு பூச வேண்டும், ஒரு சிறு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். முதன்முதலாகச் செய்பவருக்கு உருமறைப்பு வண்ணத்தையே நாங்கள் சிபாரிசு செய்கிறோம். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. கண்ணாடி மூடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும்.

விமானப் படையின் வட்டச் சின்னம் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் படமாக வரும். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. மங்கலான பூச்சின் மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று நின்று வெண்திட்டாகத் தெரியும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் சின்னம், கடைசியில் மங்கல் வார்னிஷ்.

தின்னர் விஷயத்தில் நம்மவர்கள் அலட்சியம் காட்டக் கூடாது. கற்பூரம், தீப்பெட்டி அடுக்கும் அலமாரியில் தின்னர் புட்டியை வைக்கவே கூடாது. சாமி படத்துக்கு விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது. வாங்குபவரிடம் முகமூடியும் சேர்த்து விற்க வேண்டும். ஜன்னல் திறந்த அறையில் தெளிக்கச் சொல்ல வேண்டும். சிறுவர் தனியாக வந்து கேட்டால் பெரியவரை அழைத்து வரச் சொல்வது வியாபார நஷ்டம் ஆகாது.

சட்ட நிலவரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. சுங்கப் பட்டியலில் அளவு மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பெட்டியின் விலை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதுதான் பதில். பில் இல்லாமல் மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நிம்மதி.

ஒரு கடைக்கு ஆரம்பத்தில் 2, 3 பெட்டிகள் போதும். வண்ணப் புட்டிகளை அதிகம் வாங்கி அடுக்கினால் காய்ந்துபோகும். பெட்டியில் கிடைக்கும் லாபத்தைவிட, கட்டர், பேப்பர், பசை, மக்கு, டேப் ஆகியவற்றில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் வியாபாரம்தான் நிலையானது. பெட்டியை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைக்க வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

'விமானத்தையே நம் ஊரில் பீங்கானில் செய்துவிடலாமே?' என்று நம் உறுப்பினர் சிலர் கேட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பிள்ளையார் பொம்மைக்கு அது குற்றமில்லை. அளவு மாடலுக்கு அளவுதான் உயிர். காகிதம் போன்ற இறக்கை ஓரம் சூளையில் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக விமானத்தை நிறுத்தும் பீடத்தைச் செய்யலாம். வெள்ளைப் பீங்கானில் கையகலப் பீடம், முன்பக்கம் விமானத்தின் பெயரும், '14-12-1971, ஸ்ரீநகர்' என்ற எழுத்தும். மண் இங்கே இருக்கிறது, அச்சு போடுபவர் இருக்கிறார், சூளை இருக்கிறது. பீடத்தோடு சேர்த்துக் கொடுத்தால் நவராத்திரிக் கொலுவில் பூங்காவுக்குப் பக்கத்தில் வைக்கவும் வாங்குவார்கள்.

கொலுவுக்கு வேண்டுமென்றால் ஆடி மாதத்திலேயே பட்டறைக்குச் சொல்லிவிட வேண்டும். புரட்டாசிக்கு நெருக்கத்தில் அகல் விளக்கு ஆர்டரில் எல்லாப் பட்டறைகளும் மூழ்கிவிடும். மழை தொடங்கிவிட்டால் அச்சும் காயாது, மண்ணும் காயாது. கம்பி சொருகும் துளையைச் சுடுவதற்கு முன்பே, சுருக்கத்தையும் கணக்கிட்டுச் சற்றுப் பெரிதாகப் போடச் சொல்ல வேண்டும்.