மகுடம் இல்லாத இரண்டு ராணிகள்

விருத்தாசலம் என்றதும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று பழமலைநாதர் கோயில். மற்றொன்று பீங்கான்.

கோயிலைக் கருங்கல்லால் கட்டுவித்தவள் சோழப் பேரரசி செம்பியன் மாதேவி. அவள் பட்டத்து அரசி. அவள் சொன்னால் நடக்கும்.

ஆனால் ராணி என்ற பட்டம் இல்லாமல், மன்னனின் அன்பை மட்டும் பெற்று வாழ்ந்த பெண்களும் சரித்திரத்தில் உண்டு. ‘ஆசைநாயகி’ என்று ஊர் அவர்களை அழைத்தது. அவர்களில் ஒருத்தி பீங்கானை வளர்த்தாள். இன்னொருத்தி கோயிலுக்குப் பொன் வேய வைத்தாள். முன்னவள் பிரான்சு தேசத்தவள். பின்னவள் நம் சோழ நாட்டவள்.

பீங்கான் சீமாட்டி

1721-ல் பாரிஸ் நகரில் பிறந்தவள் ழான் அந்துவானெத். பிரபு வம்சத்தில் வந்தவள் அல்ல, ஏற்கெனவே மணமானவள். 1745-ல் அவள் 15-ம் லூயி மன்னனின் மனதைக் கவர்ந்தாள். மன்னன் அவளுக்குப் ‘பொம்பதூர் சீமாட்டி’ என்று பெயர் சூட்டி, வெர்சேல்ஸ் அரண்மனையில் குடிவைத்தான்.

அப்போது ஜெர்மனியில் மைசென் என்ற ஊரின் பீங்கானுக்குத்தான் பெரும் மதிப்பு. அதற்குப் போட்டியாகப் பிரான்சிலும் பீங்கான் செய்ய வேண்டும் என்று சீமாட்டி ஆதரவு தந்தாள். 1756-ல் பீங்கான் ஆலை, அவளது மாளிகைக்கு அருகில் உள்ள செவ்ர் என்ற ஊருக்கு மாறியது.

பீங்கான் தொழில் லேசானது அல்ல. சூளையில் சூடு கொஞ்சம் தவறினாலும் சாமான் கோணிப் போகும், வெடித்துவிடும். விருத்தாசலத்துத் தொழிலாளிகள் அறிந்த கஷ்டம்தான் அது! ஆலைக்குப் பணமுடை வந்தது. 1759-ல் மன்னனே அதை வாங்கிக்கொண்டான். அரண்மனையிலேயே பீங்கான் விற்பனை நடந்தது. பிரபுக்கள் வாங்கினார்கள். செவ்ர் ஆலை இன்றும் நடக்கிறது!

பழி யாருக்கு?

ஆனால் மக்கள் அவளைப் பழித்துப் பாட்டுக் கட்டினார்கள். 1756-ல் மூண்ட ஏழாண்டுப் போரில் பிரான்சு தோற்றபோது, பழி அவள் தலையில் விழுந்தது.

அந்தப் போர் நம் பக்கமும் வந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் டேவிட் கோட்டையைப் பிடித்தான். 1760-ல் வந்தவாசியில் தோற்றான். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

1764-ல் பொம்பதூர் இறந்தாள். வயது 42. அவளுக்குப் பின் மன்னனின் ஆசைநாயகி ஆனவள் துய்பாரி. அவள் கதி என்ன? 1774-ல் மன்னன் மரணப்படுக்கையில் இருந்தபோதே அரண்மனையிலிருந்து அனுப்பப்பட்டாள். 1793-ல், புரட்சிக் காலத்தில், அவள் தலை வெட்டப்பட்டது.

ஆரூர்ப் பரவை

இதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சோழ நாட்டில் வாழ்ந்தவள் பரவை நங்கை. கங்கை கொண்ட ராஜேந்திர சோழனின் அன்புக்கு உரியவள். கல்வெட்டு அவளை ‘அனுக்கியார்’ என்கிறது. நெருக்கமானவர் என்று பொருள். மறைத்துப் பேசவில்லை, மரியாதையோடு ‘ஆர்’ சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள்!

திருவாரூர்க் கோயிலைக் கல்லால் கட்டிப் பொன் வேய வேண்டும் என்பது அவள் ஆசை. மன்னன் நிறைவேற்றினான். கி.பி. 1030-ஐ ஒட்டி அந்தத் திருப்பணி நடந்தது. செலவான பொன் 20,643 கழஞ்சு. செம்பு 42,000 பலம்.

மன்னனும் பரவையும் ஒன்றாக ஆரூருக்கு வந்து வணங்கினார்கள். அவர்கள் நின்ற இடம் தெரியும்படி, அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. விழுப்புரத்தை அடுத்த பனையவரம், அவள் பெயரால் பரவைபுரம் எனப்பட்டது.

ராஜேந்திரன் 1044-ல் மறைந்தான். அவன் மகன் ராஜாதிராஜன் என்ன செய்தான்? பரவையை இழிவுபடுத்தவில்லை. அவன் காலத்தில் ராஜேந்திரன், பரவை இருவரின் படிமங்களுக்கும் வழிபாடு நடக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

இருவருமே மகுடம் சூடாதவர்கள். மன்னனின் அன்பைத் தங்கள் சுகத்துக்கு மட்டும் பயன்படுத்தாமல், ஒருத்தி ஒரு தொழிலை வாழவைத்தாள். ஒருத்தி ஒரு கோயிலை ஒளிரச் செய்தாள். பிரான்சு பழிப்பாட்டுப் பாடியது. தமிழ்நாடு விளக்கேற்றி வைத்தது!