சோதனைக்கு ஒரு சர்வர்

புதிதாகச் செய்த ஒரு சாதனத்தை, அது உழைக்க வேண்டிய இடத்துக்கு அனுப்புமுன், அவ்விடத்தை ஒத்த சூழ்நிலையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது பொறியியலில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் முறையாகும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறையைப் பொடித்து, சந்திரனின் மேட்டுநில மண்ணை ஒத்த மண்ணை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் தயாரித்தனர். சந்திரயான் திட்டத்தின் ஊர்தி பெங்களூர்ச் சோதனைக் கூடத்தில் அத்தகைய மண்மீது ஓட்டிப் பார்க்கப்பட்டது.

அதே பெங்களூரில், கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதுவோரும் தங்கள் தொழிலில் இம்முறையையே நாள்தோறும் பின்பற்றுகின்றனர். அவர்கள் அமைத்துக்கொள்ளும் பாவனைச் சாதனத்துக்கு ‘மாக் சர்வர்’ என்று பெயர்.

தன் கணிப்பொறிக்குள் ஒரு சர்வர்

கேட்பவருக்குக் கேட்ட தகவலை அனுப்பிவைக்கும் நிரலே சர்வர் எனப்படுவது. அது தொலைதூரத்துப் பெரிய கட்டிடமொன்றில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நிரல் எழுதுபவரின் மேஜைமீதுள்ள கணிப்பொறியிலேயே அதை இயக்கலாம். 1990ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைச் சர்வரைத் தம் அலுவலகக் கணிப்பொறியில்தான் இயக்கினார்.

இத்தகைய சர்வரை அணுக 127.0.0.1 என்னும் முகவரி உதவுகிறது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று வழங்கும் இம்முகவரி ‘இதே கணிப்பொறி’ எனப் பொருள்படும். 127 என்னும் எண்ணில் தொடங்கும் முகவரிகள் எவையும் கணிப்பொறியை விட்டு வெளியே செல்லலாகாது என்பது 1989இல் வெளியான இணைய விதிகளில் உறுதி செய்யப்பட்டது. எனவே இம்முகவரியில் நடைபெறும் சோதனை வெளியார் எவரையும் பாதிப்பதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பைதான் மொழியுடன் கிடைக்கும் எளிய சர்வர், வேறுவிதமாகக் கட்டளையிடாத வரையில், 8000 என்னும் போர்ட்டில் எல்லா இணைப்புகளுக்கும் செவிசாய்க்கும். அலுவலக வலையமைப்பிலுள்ள பிறரும் அதனை அணுகக்கூடும். 127.0.0.1 என்னும் முகவரிக்கு மட்டும் அதனைக் கட்டுப்படுத்தி இயக்குவதே நலம்.

ஏ.பி.ஐ.யும் அதன் பாவனையும்

ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் எவ்வாறு கேட்கவேண்டும், அது எவ்வாறு விடையளிக்கும் என்பதற்கான ஒப்பந்தமே ஏ.பி.ஐ. ஆகும். மளிகைக்கடை ஒன்றுக்காக எழுதப்படும் நிரல், பணம் வந்ததா என்பதை அறியப் பணப்பட்டுவாடா நிறுவனத்தின் ஏ.பி.ஐ.யை நாடவேண்டும். ஆனால் நிரலைச் சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் மெய்யான பணத்தைச் செலுத்திப் பார்ப்பது இயலாத காரியம். மேலும், எதிர்த் தரப்பின் சர்வர் இன்னும் கட்டி முடிக்கப்படாமலும் இருக்கலாம்.

அந்நிலையில் அதே ஒப்பந்தப்படி விடையளிக்கும் மாக் சர்வர் ஒன்றை நிரலாளர் தம் கணிப்பொறியில் இயக்குகிறார். குறிப்பிட்ட வினாவுக்குக் குறிப்பிட்ட விடை என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலே அதன் அறிவு முழுவதும். நிரலோ, தான் உண்மையான சர்வருடன் பேசுவதாகவே கொண்டு இயங்குகிறது.

இத்தகைய வேலைக்கு உதவும் கருவிகளில் உலகெங்கும் பரவிய ஒன்று பெங்களூரில் வளர்ந்தது. 2012இல் அபினவ் அஸ்தானா, ஏ.பி.ஐ.களைச் சோதிக்கும் பொருட்டுக் குரோம் பிரௌசருடன் இணைந்து இயங்கும் ‘போஸ்ட்மேன்’ என்னும் சிறு கருவியை வெளியிட்டார். 2014இல் அங்கித் சோப்தி, அபிஜித் கானே ஆகியோருடன் சேர்ந்து அதனை ஒரு நிறுவனமாக்கினார். சேமித்து வைத்த மாதிரி விடைகளைக்கொண்டு மாக் சர்வரை அமைக்கும் வசதி பின்னர் அதில் சேர்க்கப்பட்டது.

தோல்வியையும் சோதித்தல்

மாக் சர்வரின் முதன்மையான பயன், எல்லாம் சரியாக நடப்பதைக் காட்டுவதில் இல்லை. சரியாக நடவாதவற்றை வேண்டியபோது நடத்திக்காட்டுவதில் உள்ளது. மெய்யான சர்வர் எப்போது பழுதுபடும் என்று எவராலும் கூற இயலாது. மாக் சர்வரிடமோ, சேவை கிட்டாது என்பதைக் குறிக்கும் 503 என்னும் விடையையோ, அளவுக்கு மீறிக் கேட்கப்பட்டது என்பதைக் குறிக்கும் 429 என்னும் விடையையோ விரும்பியபோது பெறலாம்.

இவை எல்லாவற்றிலும் அபாயமானது, விடையே வராத நிலை. யு.பி.ஐ. முறையில் ஒருவர் 500 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். அவருடைய பாங்குக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. ஆனால் கடைக்கு உறுதிச் செய்தி வந்து சேரவில்லை. கடையின் நிரல் இதனைத் தோல்வி எனக் காட்டினால், வாடிக்கையாளர் மறுபடியும் 500 ரூபாய் செலுத்துவார். இத்தகைய தொகை ஐந்து நாட்களுக்குள் தானாகவே திருப்பப்பட வேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும் 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு விதித்தது. எனினும், பணம் திரும்பும் வரையில் சிரமப்படுபவர் வாடிக்கையாளரே.

ஆகவே, விடை வராதபோது அதனைத் தோல்வி என்று கொள்ளாமல், ‘நிலுவை’ என்று குறித்து, அதே பரிமாற்ற எண்ணைச் சொல்லி நிலவரத்தை மறுபடி விசாரிக்குமாறு நிரல் அமைதல் வேண்டும். அது அவ்வாறு நடந்துகொள்கிறதா என்பதை அறிய, மாக் சர்வரை வேண்டுமென்றே முப்பது வினாடி மௌனமாக இருக்கச் செய்தால் போதும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரேசர்பே நிறுவனம் தன் சோதனைச் சேவையில் இரு யு.பி.ஐ. முகவரிகளை அமைத்தது, ஒன்று எப்போதும் வெற்றியையும், மற்றொன்று எப்போதும் தோல்வியையும் விடையாகத் தரும்.

பாவனையின் எல்லைகள்

சோதனைக்கான தகவல்களும் பாவனையாகவே இருத்தல் வேண்டும். மெய்யான வாடிக்கையாளர்களின் பெயர்களையும் எண்களையும் பிரதி எடுத்து உபயோகித்தால், பாதுகாப்புக் குறைந்த கணிப்பொறிகளில் அவை தங்கிவிடும். பெங்களூரில் தொழில்நுட்ப மையத்தைக் கொண்ட ஆதார் ஆணையம், நிரலாளர்களுக்கென்றே கற்பனை மனிதர்கள் சிலரின் எண்களையும் விவரங்களையும் வெளியிட்டது. ஆதாரின் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்திய பதினொன்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கமாகும். கற்பனை எண்ணும் அக்கணக்குக்கு உட்பட்டாலன்றிச் சோதனை பயன்படாது.

மற்றொரு குறை காலப்போக்கில் தோன்றுவது. மெய்யான சர்வர் தன் விடையின் அமைப்பை மாற்றிக்கொண்ட பின்னும், மாக் சர்வர் பழைய விடையையே தந்துகொண்டிருக்கும். சோதனைகள் யாவும் வெற்றி பெறும்; நிரல் பயனுக்கு வந்த அன்றே பிழைபடும். இதனைத் தவிர்க்க, ஏ.பி.ஐ.யின் ஒப்பந்தத்தை ‘ஓப்பன் ஏ.பி.ஐ.’ போன்ற பொது வடிவில் எழுதி, மாக் சர்வரை அந்த ஆவணத்திலிருந்தே உண்டாக்குவது வழக்கம். அத்துடன், எதிர்த் தரப்பு அளிக்கும் சோதனைச் சேவையோடு அதன் விடைகளைக் குறித்த கால இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதது. இவ்வாறு ஒப்பிடப்படும் வரையில்தான் மாக் சர்வர் தரும் வெற்றிக்கு மதிப்பு உண்டு.