சிறு மடிக்கணினியும் உலாவிப் புதுப்பிப்பும்

முன்னுரை

மூத்த பிள்ளையின் படிப்புக்கென வந்த மடிக்கணினி, பின்னர் இளைய பிள்ளையின் கைக்கு மாறுவது நம் மாணாக்கர் பலரின் இல்லங்களில் காணும் நடைமுறையாகும். அக்கணினியில் ஒருநாள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முயலும்போது இணையப்பக்கம் திறவாமல் நிற்கிறது. பாதுகாப்பான இணைப்பு கிட்டவில்லை என்னும் அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றுகிறது. கடைசித் தேதியோ நெருங்குகிறது. 'கணினி கெட்டுவிட்டது, புதியது வாங்கியே ஆகவேண்டும்' என்று வீட்டார் கலங்குகின்றனர். உண்மையில் இத்தகைய தடைகளுள் பல கணினியின் பழுதால் வருவன அல்ல. அதனுள் இருக்கும் உலாவியின் முதுமையால் வருவன. லினக்ஸ் இயங்கும் சிறு மடிக்கணினியில் உலாவியை எவ்வாறு புதுப்பிப்பது, எப்போது மாற்றுவது, எந்த எல்லையில் நிறுத்திக்கொள்வது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸும் சிறு மடிக்கணினியும்

பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலிலிருந்து வளர்ந்ததே லினக்ஸ் என்பது யாவரும் அறிந்ததே. குறைந்த வலிமையுள்ள கணினியிலும் இயங்கவல்லது என்பதால், சிறு மடிக்கணினிகளுக்கு அது ஏற்றதாயிற்று. தைவானின் ஆசுஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'ஈ பிசி 701' இதற்குச் சான்றாகும். 7 அங்குலத் திரை, 512 மெகாபைட் நினைவகம், 4 கிகாபைட் சேமிப்பு ஆகியவற்றோடு லினக்ஸைத் தாங்கி அது விற்பனைக்கு வந்தது. தமிழகத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முற்பகுதியில் வழங்கப்பட்ட கணினிகளிலும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' விண்டோஸுடன் சேர்ந்து இடம்பெற்றது. ஆகவே லினக்ஸ் நம் மாணாக்கருக்கு முற்றிலும் அயலானதன்று.

பழைய உலாவி தளர்வது ஏன்?

அச்சிட்ட நூல் நூறாண்டு கழிந்தாலும் படிக்கப்படும். உலாவியோ அத்தன்மையது அன்று. அது தொலைவிலுள்ள வழங்கியோடு ஓயாது உரையாடும் கருவி. உரையாடும் இருவரில் ஒருவரது மொழி மாறினால் மற்றவரது மொழியும் மாறியே ஆகவேண்டும். இம்மாற்றத்தை மூன்று கூறுகளில் காணலாம்.

முதலாவது, மறையாக்க நெறி. நாம் தட்டெழுதும் கடவுச்சொல்லை இடையில் எவரும் படிக்காவண்ணம் காக்கும் 'டிஎல்எஸ்' நெறியின் 1.0, 1.1 ஆகிய பழம்பதிப்புகளை முதன்மை உலாவிகள் 2020இல் கைவிட்டன. தளங்களும் அவற்றைக் கைவிட்டு வந்தமையால், பழம்பதிப்பை மட்டுமே அறிந்த உலாவி வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, சான்றிதழ். ஒரு தளம் மெய்யானதே என உறுதிகூறும் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று உலாவியிலோ இயங்குதளத்திலோ இருக்கும். அச்சான்றிதழ்களுக்கும் காலவரம்பு உண்டு. 2021 செப்டம்பர் 30இல் அவ்வாறான மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல பழங்கருவிகளில் அதுவரை திறந்த தளங்கள் திறவாமற் போயின. கணினியின் நாட்காட்டி தவறியிருப்பினும் இதே தடை நேரும். எனவே முதலில் தேதியைச் சரிபார்த்தல் நன்று.

மூன்றாவது, பாதுகாப்பு ஓட்டைகள். ஒவ்வொரு புதுப்பிப்பும் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைக்கிறது. அடைத்த செய்தி வெளியானதும், அடைக்காதவனின் வீட்டுக் கதவு எங்கே திறந்துள்ளது என்பது தீயோர்க்கும் தெரிந்துவிடுகிறது. பக்கம் நன்றாகத் திறக்கிறதே என்று வாளாவிருப்பதன் ஆபத்து இதுவே.

முதற்கண் அறியவேண்டியது

கணினியின் செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதை முதலில் அறிதல் வேண்டும். குரோம் உலாவி 32 பிட் லினக்ஸுக்கான ஆதரவை 2016 மார்ச்சில் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸும் 2025இல் வந்த 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸுக்கு விடைகொடுத்தது. அதன் 140ஆம் நீடித்த ஆதரவுப் பதிப்புக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையேனும் ஆதரவு உண்டு என அறிவிக்கப்பட்டது.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். செயலி 64 பிட் வகையாயிருந்தும் இயங்குதளம் 32 பிட் வகையாக நிறுவப்பட்ட கணினிகள் பல உள்ளன. அவற்றில் 64 பிட் லினக்ஸை நிறுவினால் புத்துயிர் கிட்டும். இதற்குப் பணச்செலவு இல்லை; ஒரு விரலியும் ஒரு பிற்பகற்பொழுதும் போதும். ஆனால் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே இதில் இறங்குதல் முறை.

புதுப்பித்தலும் மாற்றுதலும்

விண்டோஸில் உலாவி பெரும்பாலும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. லினக்ஸிலோ உலாவியும் ஏனைய மென்பொருள்களும் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. ஆகவே 'மென்பொருள் புதுப்பிப்பு' என்னும் கருவியை இயக்கினால் உலாவியும் உடன் புதுப்பிக்கப்படும். இயங்குதளப் பதிப்பின் ஆதரவுக் காலமே முடிந்திருப்பின், களஞ்சியத்தில் புதிய உலாவி இராது. அந்நிலையில் உலாவியை மட்டும் பற்றி நின்று பயனில்லை. இயங்குதளத்தையே மேம்படுத்தல் வேண்டும்.

உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்னாப்' என்னும் பொதியாக வழங்கப்படுகிறது. சிறு கணினிகளில் இவ்வகைப் பொதி திறக்கச் சற்றுக் காலம் கொள்ளும். விரைவை விரும்புவோர் மொசில்லாவின் தனிக் களஞ்சியத்திலிருந்து வழக்கமான பொதியைப் பெறலாம்.

நினைவகம் 2 கிகாபைட்டோ அதற்குங் குறைவோ எனில், எவ்வுலாவியாயினும் ஒரே நேரத்தில் பல தத்தல்களைத் திறத்தல் ஆகாது. விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றைச் சேர்த்தால் சுமை வெகுவாகக் குறையும். பால்கன், டில்லோ முதலிய எளிய உலாவிகளும் உண்டு. இவற்றுள் டில்லோ மிகச் சிறியது. ஒன்பதாண்டு இடைவெளிக்குப் பின் 2024இல் புதிய பதிப்பும் கண்டது. ஆயினும் அது ஜாவாஸ்கிரிப்டை இயக்காது. கட்டுரை படிக்க உதவுமேயன்றி, விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவாது.

உலாவியை மாற்றும் முன் நூற்குறிகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளல் வேண்டும். சேமித்த கடவுச்சொற்களையும் தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும். பழையதை நீக்கிய பின் தேடுவது வீண் முயற்சியாகும்.

தமிழும் உலாவியும்

புதுப்பித்தலால் தமிழ் பெறும் பயனும் குறிப்பிடத்தக்கது. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் அமையவேண்டும். பழைய லினக்ஸ் உலாவிகள் சிலவற்றில் இவ்வுறுப்புகள் இடம் பிறழ்ந்து, சொல் சிதைந்து தோன்றியது. இன்று ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எழுத்துருக்களை ஒழுங்குபடுத்த 'ஹார்ஃப்பஸ்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதன் பெயர் பாரசீக மொழியில் அமைந்தது. 'ஹர்ஃப்' என்பது எழுத்து. 'பாஜ்' என்பது திறந்தது. அரபு எழுத்து அண்டை எழுத்துக்கேற்ப வடிவம் மாறுவதும், தமிழ் எழுத்து உயிர்க்குறி கொண்டு வடிவம் மாறுவதும் ஒரே கருவியால் செம்மையுறுகின்றன என்பது மொழி பயில்வோர்க்கு உவகை தருவதாகும்.

நிறைவுரை

64 பிட் செயலியுள்ள சிறு கணினியைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. முறையாகப் புதுப்பித்து இன்னும் சில ஆண்டுகள் கல்விக்குப் பயன்கொள்ளலாம். புதுப்பிப்பே கிட்டாத 32 பிட் கணினியை, இணையத்தினின்று விலக்கி, தட்டெழுதவும் மின்னூல் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், உதவித்தொகைக்காகக் குடும்பத்தின் ஆவணங்களை ஏற்றுவதும் கூடா. அப்பணிகளைக் கல்லூரியின் கணினிக் கூடத்திலோ, நம்பத்தக்க வேறு கணினியிலோ செய்தலே அறிவுடைமை. கருவி பழையதாயிருத்தல் குறையன்று. காவல் பழையதாயிருத்தலே குறை. இதனை மாணாக்கர் உணர்வதோடு, வீட்டுப் பெரியோர்க்கும் உணர்த்துவாராயின் வறிய குடும்பங்கள் வீண்செலவினின்றும் பொருளிழப்பினின்றும் காக்கப்படும் என்பது திண்ணம்.