உத்திரத்துக்கு இன்னொரு பிறவி

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. தொழிற்பேட்டை உள்ள ஊர் என்பதால் லாரிகளுக்குக் குறைவில்லை. அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போய்த் திரும்பினால் திருவக்கரை வந்துவிடும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல உள்ளே இறங்கி மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளையங்கள் இன்றும் தெரிகின்றன.

வெறும் காலத்தால் மரம் அழிவதில்லை என்பதற்கு அவை கண்கண்ட சாட்சி. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். திருவக்கரை மண்ணுக்குள் காற்று இல்லை. நம் பழைய வீட்டுக் கூரையில் ஈரம் இல்லை. அதனால்தான் வீடு இடிபடும் நாளில்கூட உள்ளே இருக்கும் உத்திரம் உயிரோடு இருக்கிறது.

புதுச்சேரியின் பழைய மெத்தை வீடுகளில் தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டிருப்பார்கள். அப்படியொரு உத்திரத்தைக் கழற்றிக் கீழே இறக்கினால், சுவருக்குள் புதைந்திருந்த இரு முனைகளும் பெரும்பாலும் உளுத்திருக்கும். மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுபவை. அறுத்த முனையில் அவற்றின் வாய் திறந்தே இருக்கும். சுவரின் ஈரத்தை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை குடியேறிவிடும். காற்றாடத் தொங்கிய நடுப்பகுதிக்கு அந்தக் கதி வருவதில்லை. முனைகளை அறுத்துத் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் வைரம்.

இழைப்புளியை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். புகையும் சுண்ணாம்பும் படிந்த சாம்பல் நிறம் சுருள் சுருளாக உதிர்ந்து, தேன் நிறம் மேலே வரும். பதனிட்ட தோலை நினைவூட்டும் தேக்கு வாசனை எழும். ஆணி இறங்கிய துளையைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் இருக்கும். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் கூடியதால் வந்த கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்குத் தெரிந்த அதே வேதியியல். கரையானை விரட்டும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் தேக்கின் வைரப்பகுதியில் இயல்பாகவே இருக்கின்றன.

பழைய மரத்துக்கு இன்னொரு சிறப்பு, அது அடங்கிய மரம். பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிப்புறமாக 2.5 சதவீதமும் சுருங்கும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்பதால்தான் அவசரத்தில் செய்த கதவு கோணிக்கொள்கிறது. பர்மாவில் தேக்கை வெட்டும் முன்பே, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதையொட்டிய வெள்ளைப்பகுதியையும் அரிந்து, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே காரணம். அதன்பின் நம் கூரைகளில் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என்று காய்ந்திருக்கிறது. கோணவேண்டியதெல்லாம் முன்பே கோணி முடித்துவிட்டது. அந்தப் பர்மா, இன்றைய மியான்மர், 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. இந்த மரத்தை இனி நம் பழைய வீடுகளில்தான் தேட வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பத்தடி நீளம், ஆறங்குல உயரம், நாலங்குல அகலம் உள்ள தேக்கு உத்திரம் ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். உலர்ந்த மரத்தில் பாதி எடை கார்பன். அடுப்பில் வைத்தால் சுமார் 50 கிலோ கரியமில வாயு வெளியேறும். பெஞ்சாக்கினால் அந்தக் கார்பன் இன்னும் பல்லாண்டு நம் திண்ணையிலேயே தங்கும்; அந்த பெஞ்சுக்காக வேறொரு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை.

தேக்கு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டைகளுக்கு இயந்திரங்களைச் சுமந்து வரும் மரப் பேலட்டுகளும் பேக்கிங் பெட்டிகளும் எளிய மாற்று. வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002-இல் வந்த பன்னாட்டு விதியின் அடையாளம் அது. ‘எச்டி’ என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அலமாரி, ஸ்டூல் செய்யத் தாராளமாக எடுக்கலாம். ‘எம்பி’ என்றிருந்தால் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்ட மரம், வீட்டுக்குள் வேண்டாம். முத்திரை எதுவாயினும், ரசாயனம் சிந்திய கறையுள்ள பலகையைத் தொடவே கூடாது. பேலட் பெரும்பாலும் பைன் போன்ற மென்மரம். மழையில் போட்டால் உளுத்துப்போகும். கூரைக்குள் வைத்தால் உழைக்கும்.

பழைய கதவைத் தேய்க்கும் முன்பும் ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். உலர்வாக உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஈரப்படுத்தி, முகமூடி கட்டிக்கொண்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் சுரண்ட வேண்டும்.

பழைய மரத்தின் மதிப்பை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் மறுவிலைக்கு நிற்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், ஒரு செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய வரிசையைத் தலைகீழாக்கி, மேலிருந்து கீழே பிரித்தால் ஒரு வீட்டுக்கு மறுபிறவி உண்டு.

ஜேசிபி அந்த வரிசையை அறியாது. அதன் ஒரே இழுப்பில் உத்திரம் நாராய்ப் பிளந்து, விறகுக்கு மட்டுமே உதவும் நிலைக்கு வந்துவிடும். வீட்டை இடிக்கத் தேதி குறித்திருப்பவர்கள், இயந்திரம் வருவதற்கு முன் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டுங்கள். அவர் உத்திரத்தைத் தட்டி ஓசை கேட்பார், முனையைக் குத்திப் பார்ப்பார், எது நிற்கும் என்று சொல்வார். தாத்தா தலைக்கு மேல் இருந்த மரத்தில் பேரப்பிள்ளை உட்கார்ந்து படிக்க, அந்த ஒரு நாள் போதும்.