முனியின் பங்கும் மனிதரின் பங்கும்

கண்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று இளைஞர் வந்து நின்றனர். தெல்தோட்டைப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவன் என் பழைய மாணவனின் மகன். தேநீர் அருந்திய பின்னரும் நெடுநேரம் தயங்கியிருந்துவிட்டு, அவனே பேச்சைத் தொடங்கினான்.

"சேர், இந்த வருஷத் திருவிழாவிலே முனிக்குச் சுருட்டு வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்கிறோம். பெரியவர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் பூசாரித் தாத்தாவின் பேரன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பக்கமும் கேட்டுக் கொள்ளும்."

எளிதான கேள்வியாகத்தான் தோன்றியது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புகையிலையின் தீங்கைப் போதித்தவன் நான். ஆயினும் உடனே விடை கூற என் நா எழவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டு அவர்களை வழியனுப்பினேன்.

அன்றிரவு அலுமாரியைத் திறந்து தாத்தாவின் பொடி டப்பியை எடுத்துப் பார்த்தேன். பித்தளையாலான சிறு டப்பி. மூடியிலே ஒரு மயிலின் உருவம் பாதி தேய்ந்து கிடக்கிறது. உள்ளே பொடி இல்லை. ஆனால் மூக்கருகே கொண்டு சென்றால், வறுத்த புகையிலையும் நெய்யும் கலந்த அந்தப் பழைய நெடி இன்னமும் இலேசாக வருகிறது. அந்த நெடியோடு தாத்தாவும் வருகிறார்.

தாத்தா எங்கள் தோட்டத்து முனிக்குப் பூசை செய்தவர். தேயிலை ஸ்டோருக்குப் பின்னால், ஓடைக்கரையில், ஒரு மரத்தடியில் நட்ட கல்தான் முனி. ரோதை முனி என்று அழைப்பார்கள். ரோதை என்பது இயந்திரச் சக்கரம். சுழலும் சக்கரத்தில் கை சிக்காமல், பெல்ட்டில் சேலைத் தலைப்பு அகப்படாமல் தொழிலாளரைக் காப்பவர் அவர் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டில் ஊர் எல்லையைக் காத்த முனி, கடல் கடந்து மலையேறி வந்து, இங்கே இயந்திரத்துக்கும் காவலரானார். அவருக்குப் படையல் என்றால் சேவல், சாராயம், வெற்றிலை பாக்கு, இவற்றோடு தவறாமல் சுருட்டு. சுருட்டைப் பற்றவைத்து முதல் புகையைக் கல்லின்மேல் ஊதிய பின்னரே தாத்தா வாய் திறந்து குறி சொல்வார்.

இந்தச் சுருட்டு எங்கிருந்து வந்தது? நம் பாட்டன் முப்பாட்டன் காலந்தொட்டு வழங்கும் தொன்மைப் பொருள் என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸின் கப்பல் கரைசேரும் வரை நம் நாடுகளில் எவரும் அதனைக் கண்டதில்லை. 1560ஆம் ஆண்டையொட்டி, லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராயிருந்த ஜான் நிக்கோ அதனைத் தம் நாட்டு அரசகுடும்பத்துக்கு மருந்தென அனுப்பினார். அவர் பெயராலேயே அச்செடி நிக்கோட்டியானா ஆயிற்று. அதன் நஞ்சு நிக்கோட்டின் ஆயிற்று. போர்த்துக்கேயர் அதனைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பரின் அவைவரை எட்டிவிட்டது. 1617இல் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்யவும் நேர்ந்தது. தடை நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வேரூன்றிய இலை திருவிதாங்கூர் வரை கடல் கடந்து விலைபோயிற்று. கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கிலும் புகையிலைத் தோட்டங்கள் செழித்தன. அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் பழைய தெல்தெனிய நகரும் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இன்று உறங்குகின்றன.

வந்தேறிய இலைக்கு நம்மவர் ஒரு புராணத்தையே படைத்துவிட்டனர். சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூதாக அனுப்பிப் பாடிய 'புகையிலை விடு தூது' என்னும் நூலை உ. வே. சாமிநாதையர் 1939இல் பதிப்பித்தார். சிவனுக்கு வில்வமும், திருமாலுக்குத் துளசியும், பிரமனுக்குப் புகையிலையும் உரியவையாயின என்றும், மற்ற இருவரின் இலைகள் போய்விடப் பிரமனுடையது மட்டும் போகாத இலையாய் எஞ்சியது என்றும் அதிலே ஒரு கதை வருகிறது. போகாத இலை, புகையிலை! புலவரின் குறும்பு ஒருபுறமிருக்க, வெளியூர்ச் சரக்குக்கு ஒரு தெய்வ உறவு கற்பித்தாலன்றி நம் மனம் அமைதி கொள்ளாது என்பது இதனால் விளங்குகிறது அன்றோ?

ஆனால் அந்த இலை தன் தாயகத்திலேயே தெய்வங்களுக்கு உரியதாகத்தான் இருந்தது. இதனைப் படித்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது.

தென் அமெரிக்காவில் ஒரினோக்கோ ஆறு கடலோடு கலக்கும் சதுப்பு நிலத்தில் வராவோ என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களிடையே பல்லாண்டு ஆய்வு நடத்திய யோகான்னஸ் வில்பர்ட் என்னும் அறிஞர், தென் அமெரிக்கப் பூசாரிகளும் புகையிலையும் பற்றி 1987இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். புகையிலைப் புகையே ஆவிகளின் உணவு என்பது வராவோ மக்களின் நம்பிக்கை. ஆவிகளிடம் புகையிலை கிடையாது. மனிதர் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே பூசாரி நீண்ட சுருட்டைப் புகைத்து அவற்றுக்குப் பசியாற்றுகிறார். அவை பதிலுக்கு ஊரைக் காக்கின்றன. எங்கள் ஓடைக்கரை முனியையும் தாத்தாவையும் இதைவிடச் சுருக்கமாக எவரால் எழுதிக் காட்ட இயலும்? அந்த மக்களை நம்மவர் கண்டதில்லை. அவர்களும் நம்மைக் கேள்விப்பட்டதில்லை. இலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

அமேசான் காட்டின் மேற்குக் கோடியில், பிரேசில் நாட்டு ஆக்ரே மாநிலத்தில், ஹூனி குயின், யவனாவா முதலிய குடியினர் மூக்குப்பொடியைச் சடங்குப் பொருளாகவே கொண்டுள்ளனர். அதற்கு ரப்பே என்று பெயர். நாம் அறிந்த புகையிலையினும் பன்மடங்கு காரமான ஓர் இனத்தின் இலையை உலர்த்தி, இடித்து, குறிப்பிட்ட மரப்பட்டைகளை எரித்த சாம்பலைக் கலந்து, மெல்லிய துணியில் சலித்து எடுக்கின்றனர். அதனை நம்மைப்போல் விரலால் உறிஞ்சுவதில்லை. எலும்பு அல்லது மூங்கிலாலான குழலின் ஒரு முனையை ஒருவர் மூக்கில் வைக்க, மறுமுனையிலிருந்து மற்றொருவர் வாயால் ஊதுகிறார். ஒரு நாசியில் ஊதினால் மறு நாசியிலும் ஊதியாக வேண்டும். தனியே இட்டுக்கொள்ள வளைந்த சிறு குழலும் உண்டெனினும், சடங்கில் ஒருவர் கொடுக்க ஒருவர் பெறுவதே முறை. கண் கலங்கும், தலை சுழலும், சிலர் வாந்தியும் எடுப்பர். அதன்பின் மனம் தெளிவதாகக் கூறுகின்றனர். வேட்டைக்குச் செல்லுமுன், நோய் தீர்க்குமுன், பாட்டும் தியானமும் தொடங்குமுன் அது வழங்கப்படுகிறது. அதனைச் செய்பவர், கொடுப்பவர், பெறுபவர், கொடுக்கும் வேளை ஆகிய யாவற்றுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு.

அந்தச் சாம்பலில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. சாம்பலின் காரத்தன்மை புகையிலையின் நஞ்சைப் பிரித்தெடுத்து, மெல்லிய தோல்வழியே விரைந்து குருதியிற் சேர்க்கிறது. நாம் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதும், நம் ஊர்ப் பொடியில் சுண்ணாம்பு சேர்ப்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இரசாயனம் கற்காத இரு மக்கள், கடல்களால் பிரிந்திருந்தும், ஒரே உண்மையை நாவாலும் மூக்காலும் கண்டறிந்தனர்.

இரண்டு வாரத் தவணையில் ஒரு மாலை, மனத்தெளிவு வேண்டிக் கண்டி ஏரியைச் சுற்றி நடந்தேன். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய ஏரி அது. அதன் அருகே, பழைய அரண்மனையின் ஒரு பகுதியில் அமைந்த நூதனசாலையில், வெற்றிலைப் பெட்டிகளும் சுண்ணாம்புச் சிமிழ்களும் பாக்குவெட்டிகளும் காட்சிக்கு உள்ளன. கண்டி இராச்சியத்துக் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதிய நூலிலும் இத்தகைய பொருள்கள் இடம்பெற்றுள்ளன. விரல் நீளமுள்ள சுண்ணாம்புச் சிமிழுக்கு இத்தனை சித்திரவேலையா என்று வியந்தேன். இந்த மலைநாட்டில் வெற்றிலை வெறும் தின்பண்டமாக இருந்ததில்லை. சிங்களப் புத்தாண்டில் பிள்ளைகள் பெற்றோரை வணங்கி வெற்றிலைக் கட்டைக் கொடுக்கின்றனர். நம் கல்யாணத்தில் தாம்பூலம் இன்றேல் உறவு நிறைவு பெறாது. கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள்கள் அந்தப் பெட்டிகள்.

தாத்தாவும் அப்படியே. டப்பியைத் திறந்தால் எதிரில் இருப்பவரிடம் நீட்டாமல் தாம் ஒரு சிட்டிகையும் எடுக்கமாட்டார். சண்டையிட்டு முகம் திருப்பியிருந்த கங்காணியிடம் ஒருநாள் அவர் டப்பியை நீட்டியதும், அவர் இரு விரலால் எடுத்துத் தும்மியதும், பகை அந்தத் தும்மலோடு ஓடியதும் எனக்கு நினைவிருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பெரியப்பா குடும்பம் திருச்சிக்கு அனுப்பப்பட்ட பிறகு, அங்கிருந்து வருவோர் கையில் பொடிமட்டை ஒன்று தாத்தாவுக்கு வந்துசேரும். மட்டையைப் பிரிக்குமுன் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிரிந்த மகன் அனுப்பியது அன்றோ!

இதுவரை எழுதியதைப் படிப்போர், நான் புகையிலைக்குத் தோத்திரம் பாடுவதாக எண்ணக்கூடும். இனிக் கூறுவதையும் கேட்க வேண்டும்.

கோயிலில் முறையோடு இருந்த தாத்தா, லயத்தில் முறையோடு இருந்ததில்லை. ஒரு நாளைக்கு இருபது முறையாவது பொடி போடுவார். பொடி தீர்ந்த நாளில் பாட்டியை ஏசுவார். அவருக்கும் டப்பிக்கும் இடையே நடந்ததில் தெய்வத்துக்கு எந்தப் பங்கும் கிடையாது.

என் தாயாருக்குப் பொடிப் பழக்கம் இல்லை. வெற்றிலையும் புகையிலையும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்பதற்கும், மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து பறிப்பதற்கும், பசியை மத்தியானம் வரை தள்ளிப்போடுவதற்கும் அதுவே துணை. அட்டை கடித்த காலுக்கும் அந்த எச்சிலே மருந்து. சுருக்குப்பையில் அரிசி வாங்கக் காசு இல்லாத நாளிலும் ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாய்ப் படர்ந்தது; பிறகு வாயை அகலத் திறக்க முடியாமற் போயிற்று; பிறகு ஆறாத புண். கொழுந்துப் பருவம் முடியட்டும் என்று அவர் மறைத்து வைத்தார். நான் கட்டாயப்படுத்தி வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது காலம் கடந்துவிட்டது. 1979இல், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு வாய்க் கஞ்சியும் விழுங்க இயலாமல் அவர் மறைந்தார்.

பாக்கும் வெற்றிலையும், புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது. புகையிலை, மது ஆகியவற்றைக் கட்டுப்படுத்த 2006இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. இந்நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. எங்கள் லயத்தில் அது பெண்ணென்றும் பாராததை நான் கண்ணால் கண்டேன்.

ஆகவே, அந்த இளைஞரின் கேள்வி என்னை இரண்டாகப் பிளந்தது. சுருட்டை நீக்கு என்றால் தாத்தாவின் கையைத் தட்டிவிடுவது போலிருந்தது. வை என்றால் தாயாரின் வாயை மறந்ததாகும்.

தவணை முடியும் நாளன்று ஓர் உண்மை பொறி தட்டியது. படையலில் முனிக்கு ஒரு சுருட்டுத்தான். ஆனால் தாம்பாளத்தில் ஐம்பது இருக்கும்! பூசை முடிந்ததும் மீதியெல்லாம் பிரசாதம் என்று ஆண்களுக்கும், புகையிலைத் துண்டுகள் பெண்களுக்கும் பங்கிடப்படும். நான் முதன்முதலாய்ச் சுருட்டைத் தொட்டது பன்னிரண்டாம் வயதில், அந்தப் பங்கீட்டின்போதுதான். எவரும் தடுக்கவில்லை, முனி கொடுத்தது என்றார்கள். கேடு முனியின் பங்கில் இருந்ததில்லை. நம் பங்கில்தான் இருந்தது.

இளைஞர் மீண்டும் வந்தபோது இதனையே கூறினேன். "முனியின் சுருட்டை எடுக்காதீர்கள். நம் சுருட்டை எடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று வையுங்கள். அதையும் எவரும் வாயில் வைக்க வேண்டாம். பங்கீட்டுக்குப் பழமும் பொரியும் போதும்."

"பெரியவர்கள் முனி கோபிப்பார் என்பார்களே, சேர்?"

"முனிக்கு ஒன்றும் குறையவில்லையே, தம்பி!"

திருவிழாவுக்கு நானும் சென்றிருந்தேன். தப்பு முழங்கியது. கல்லின் முன்னே ஒரே ஒரு சுருட்டை வைத்து, கர்ப்பூரச் சுடரில் அதன் நுனியைக் காட்டினர். உறிஞ்சுவார் இல்லாத சுருட்டு எளிதில் எரிவதில்லை. இருமுறை அணைந்தது, இருமுறையும் இளைஞரே குனிந்து பற்றவைத்தனர். என் வயதொத்த ஒருவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அப்பால் நகர்ந்தார். மற்றையோர் நின்றனர். மூன்றாம் முறை நெருப்பு பற்றிக்கொண்டது. நீலநிறப் புகை கல்லைச் சுற்றி மெல்ல எழுந்து, ஓடைக்காற்றில் ஸ்டோரின் பக்கமாகச் சென்றது. பொரியும் பழமும் வாங்கச் சிறுவர் வரிசையில் நின்றனர். அவர்களுள் ஒருவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.