பஞ்சாலை ஊர்களின் பந்து: 1888லும் இன்றும்

பிரஸ்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, அக்ரிங்டன். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் அடுத்தடுத்து இருக்கும் இந்த ஐந்து ஊர்களும் 19ஆம் நூற்றாண்டில் பஞ்சையும் தறியையும் நம்பிப் பிழைத்தவை. வாரம் முழுக்க இருட்டில் போய் இருட்டில் திரும்பும் வேலை. சனிக்கிழமை மட்டும் பிற்பகல் 2 மணிக்குப் பெண்களையும் சிறுவர்களையும் வேலையிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. 2 மணிக்கு ஆலைச் சங்கு, 3 மணிக்கு ஆட்டம். இன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சனிக்கிழமை இரவு தொலைக்காட்சி முன்னால் உட்காருகிற ரசிகர்கள் பார்க்கும் லீக், அந்த அரைநாள் விடுப்பில்தான் முளைத்தது.

ஆட்டம் வேகமாகப் பரவியது. ஆனால் ஆடுகிறவனுக்குக் கூலி கொடுப்பது விதிப்படி குற்றம். கால்பந்துச் சங்கத்தை (எஃப்.ஏ.) நடத்தியவர்கள் வசதியான பள்ளிகளில் படித்த கனவான்கள். பணம் வாங்காமல் ஆடுவதே கௌரவம் என்று நம்பியவர்கள். வாரத்தில் ஐந்தரை நாள் தறியடியில் நின்றவனுக்கு அந்தக் கௌரவம் கட்டுப்படியாகவில்லை. பணம் மறைவாகக் கைமாறியது. பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்பை நடத்திய வில்லியம் சடெல் ஒரு பஞ்சாலையின் மேலாளர். ஸ்காட்லாந்திலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை ஊருக்கு அழைத்துவந்து வேலையும் பணமும் கொடுத்தார். 1884இல் லண்டனின் அப்டன் பார்க் அணி இதைப் பற்றிப் புகார் செய்தபோது அவர் மழுப்பவில்லை. கொடுக்கிறோம், மற்றவர்களும் கொடுக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையிலிருந்து பிரஸ்டன் விலக்கப்பட்டது. ஆனால் 1885 ஜூலையில் சங்கமே இறங்கிவந்து சம்பள ஆட்டத்தை அனுமதித்தது. ஆங்கிலக் கால்பந்தில் எந்தக் கோலைவிடவும் பெரிய திருப்பம் அந்த ஒப்புதல்தான் என்று நான் நினைக்கிறேன். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை ஆட்டத்தாலேயே பிழைக்கலாம் என்று ஆனது அன்றைக்குத்தான்.

சம்பளம் சட்டமானதும் புதிய சிக்கல் வந்தது. ஆட்டக்காரர்களுக்கு வாராவாரம் பணம் தர வேண்டும். வாராவாரம் ஆட்டம் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரும்பாலானவை நட்பு ஆட்டங்கள். கோப்பை ஆட்டம் குறுக்கிட்டாலோ, வேறிடத்தில் கூடுதல் வசூல் கிடைக்கும் என்றாலோ எதிரணி கடைசி நேரத்தில் கைவிரித்துவிடும். டிக்கெட் வாங்க வந்த கூட்டம் வெறுங்கையோடு திரும்பும். இதற்கு ஒரு வழி சொன்னவர் பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி வில்லியம் மெக்ரெகர். 1888 மார்ச் 2ஆம் தேதி முன்னணிக் கிளப்புகள் சிலவற்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதன் ஊரில் ஒருமுறை, தன் ஊரில் ஒருமுறை என்று தேதி குறித்துக்கொண்டு ஆடலாமே என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஹோட்டலில் ஃபுட்பால் லீக் பிறந்தது. உலகின் எல்லாக் கால்பந்து லீக்குகளுக்கும் அதுவே மூத்தது.

லீகைத் தொடங்கிய 12 கிளப்புகளில் லங்காஷயரிலிருந்து 6: மேலே சொன்ன ஐந்து ஊர்களோடு லிவர்பூல் நகரத்தின் எவர்டன். நடுநாட்டுப் பகுதியிலிருந்து 6: ஆஸ்டன் வில்லா, டெர்பி கவுண்டி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச் அல்பியன், உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ். லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. 1893இல் வுல்விச் ஆர்சனல் சேரும்வரை தலைநகரத்துக்கு அந்த லீக்கில் இடமே இல்லாமல் இருந்தது. 2025-26 பிரீமியர் லீகில் லண்டன் கிளப்புகள் மட்டும் 7.

1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. முதல் நாளில் ஐந்து ஆட்டங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது, ஒரு வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதுகூட அப்போது முடிவாகவில்லை. வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று நவம்பரில்தான் தீர்மானித்தார்கள்.

அன்றைய மைதானத்துக்குள் இன்றைய ரசிகர் ஒருவர் போய் நின்றால் பாதி விஷயம் அவருக்குப் புரியாது. கோல்கம்பத்தில் வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று வாக்குவாதம் நடக்கும். லிவர்பூலின் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி வலையை உருவாக்கி, அது புழக்கத்துக்கு வர 1891 ஆயிற்று. பெனால்டி உதையும் அதே ஆண்டில் வந்ததுதான். நடுவர் மைதானத்துக்கு வெளியே நிற்பார்; ஒவ்வொரு அணிக்கும் ஒருவராக இரண்டு அம்பயர்கள் உள்ளே இருப்பார்கள்; அவர்களுக்குள் ஒத்துவராதபோதுதான் நடுவரின் வாக்கு. கோல்கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். அந்த உரிமை 1912வரை நீடித்தது. சட்டையில் எண் இல்லை. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவன் கால் முறிந்து வெளியேறினால் மீதிப் பத்துப் பேரோடு ஆடி முடிக்க வேண்டும். லீகில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது 1965இல்.

அந்தப் பருவத்தின் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். அக்டோபர் 6 அன்று பிரஸ்டனில் ஆட வந்த ஸ்டோக் அணியில் 9 பேர்தான் இருந்தார்கள். பிரஸ்டன் தன் ஆட்டக்காரர்கள் இருவரை எதிரணிக்குக் கடனாகக் கொடுத்தது. ஸ்டோக் 0-7 என்று தோற்றது. தோற்றாலும் ஆட்டம் நடந்தது. வந்த கூட்டம் ஏமாறவில்லை. மெக்ரெகர் கேட்டதும் அதைத்தானே!

ஸ்டோக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் பிரஸ்டனை லீகில் யாராலும் வீழ்த்த முடியவில்லை. 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 டிரா, 74 கோல்கள், வாங்கியது 15. இரண்டாம் இடத்தில் வந்த வில்லாவுக்கும் அதற்கும் 11 புள்ளி இடைவெளி. எஃப்.ஏ. கோப்பையில் ஒரு கோலும் வாங்காமல் இறுதிவரை போய், 1889 மார்ச் 30 அன்று லண்டனின் கென்னிங்டன் ஓவலில் உல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று வென்றது. முழுப் பருவமும் தோல்வியில்லாத இன்னொரு சாம்பியன் ஆங்கில முதல் பிரிவுக்குக் கிடைக்க 115 ஆண்டுகள் ஆயின. 2003-04இல் ஆர்சனல் அதைச் செய்தது.

அந்த பிரஸ்டன் அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால்தான் காலத்தின் தூரம் தெரிகிறது. இறுதி ஆட்டத்தின் முதல் கோலைப் போட்ட தலைவர் ஃப்ரெட் டியூஹர்ஸ்ட் பள்ளி ஆசிரியர். சம்பளம் வாங்காமல் ஆடியவர். அன்று கோல் காத்த மில்ஸ்-ராபர்ட்ஸ் மருத்துவர். பாப் ஹோவார்த் வழக்கறிஞர். இவர்களோடு ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஜிம்மி ராஸ், சாம் தாம்சன் போன்றவர்கள். படித்தவரும் கூலிக்கு ஆடுபவரும் ஒரே சட்டையில் நின்றார்கள். டியூஹர்ஸ்ட் 1895இல், 31 வயதில் இறந்தார். ஜிம்மியின் அண்ணனும் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருமான நிக் ராஸ், அதற்கு முந்தைய ஆண்டு அதே 31 வயதில் காசநோய்க்குப் பலியானார். சடெலின் முடிவும் சோகமானதுதான். ஆலைப் பணத்தைக் கையாடியதாக 1895இல் சிறைக்குப் போனார்; பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விளையாட்டுப் பத்திரிகையாளராக வாழ்ந்தார்.

பணத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1901இல் வாரச் சம்பளம் 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்று உச்சவரம்பு வந்தது. அந்த வரம்பு முறை 1961வரை ஒழியவில்லை. 2025இல் அலெக்சாண்டர் இசாக் என்ற ஒரே ஆட்டக்காரரை வேறு கிளப்பிலிருந்து வாங்க லிவர்பூல் 12.5 கோடி பவுண்ட் கொடுத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஊரும் கிளப்பும் பிரிந்த விதம். பிளாக்பர்னை எடுத்துக்கொள்வோம். அந்த ஊரின் தறிகள் நெய்ததில் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கான வேட்டித் துணி. ஊர்க் கிளப்பான பிளாக்பர்ன் ரோவர்ஸின் ஆட்டத்துக்கு அன்று டிக்கெட் வாங்கிய பல கைகள், வாரம் முழுக்க நம் தாத்தாக்கள் கட்டிய துணியை நெய்த கைகள். முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவின் சொந்த ஆலைகளும், ஜப்பானின் போட்டியும், அந்நியத் துணிப் பகிஷ்காரமும் சேர்ந்து லங்காஷயரை முடக்கின. 1931 செப்டம்பரில் காந்தி பிளாக்பர்னுக்கு அருகேயுள்ள டார்வெனுக்கே போய், வேலையிழந்த நெசவுத் தொழிலாளர்களைச் சந்தித்தார். இன்று அந்த ஆலைகள் இல்லை. பர்ன்லி அருகே குவீன் ஸ்ட்ரீட் ஆலை ஒன்று நீராவி எஞ்சினும் தறிகளுமாக அருங்காட்சியகமாக நிற்கிறது. 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழிப்பண்ணைக் குழுமம். 1995இல் பிரீமியர் லீகை வென்ற கிளப் 2012இல் அதிலிருந்து இறங்கியது. 2017இல் மூன்றாம் பிரிவுக்கே போய் மீண்டு வந்தது. உரிமையாளர்களுக்கு எதிராக ஊர்க்காரர்கள் பலமுறை குரல் எழுப்பினார்கள். கோபம் உரிமையாளர் எந்த நாட்டவர் என்பதைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. தங்கள் கிளப்பைப் பற்றிய முடிவுகள் தங்களுக்கு எட்டாத தூரத்தில் எடுக்கப்படுகின்றன என்பதுதான் அதன் அடி.

மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். வில்லா, எவர்டன், பர்ன்லி, உல்வர்ஹாம்ப்டன், வெஸ்ட் பிராம்விச் எல்லாம் கடல்கடந்த பணத்தின் கையில். டெர்பி கவுண்டி 2021இல் திவால் நிர்வாகத்துக்குப் போய், 21 புள்ளிகள் இழந்து கீழிறங்கியது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் 2022இல் காப்பாற்றினார். போல்டன் 2019 ஆகஸ்டில் மூடுவிழாவின் விளிம்புவரை போய்த் தப்பியது. அந்த வாரத்திலேயே பக்கத்து ஊரான பரியின் 134 ஆண்டுக் கிளப் லீகிலிருந்து நீக்கப்பட்டது.

லீக் பல காலம் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்ட ஏற்பாடாக இருந்தது. சொந்த மைதான வசூலில் ஒரு பங்கு வந்த அணிக்கும் போய்க்கொண்டிருந்தது. பெரிய கிளப்புகள் 1983இல் அதை நிறுத்தவைத்தன. 1992இல் முதல் பிரிவுக் கிளப்புகள் தொலைக்காட்சிப் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள லீகிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக் ஆயின. 2025 முதல் நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுண்ட். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று ஒரு சூப்பர் லீக் அறிவித்தன. அதில் இங்கிலாந்தின் 6 கிளப்புகள் உண்டு. 1888இன் 12இல் ஒன்றுகூட இல்லை. ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இரண்டே நாளில் அந்த ஆறும் விலகின.

1888இன் 12 பேரும் தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள்தானே, நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்குக் கதவடைத்தவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பருவ முடிவில் கடைசி நான்கு இடத்தில் நின்றவர்கள் தங்கள் இடத்துக்காக மறுபடி வாக்குக் கேட்க வேண்டும் என்ற விதியையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். 2021இன் திட்டத்தில் அதைத் தொடங்கிய கிளப்புகளுக்கு அந்தப் பயமே இல்லை.

ஒரு வழக்கம் மட்டும் அந்தப் பழைய அரைநாளை இன்றும் காத்துவருகிறது. சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக்கூடாது. மக்கள் வீட்டிலிருந்துவிட்டால் சிறிய கிளப்புகளின் வாசல் காலியாகும் என்பதால் 1960களில் வந்த தடை. அதற்காக வாதாடியவர் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். சென்னையில் இருப்பவர் பார்க்க முடிகிற நேரடி ஆட்டத்தை பர்ன்லியில் இருப்பவர் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. நல்ல தடை, எடுக்கக்கூடாது.

அந்தப் 12 கிளப்புகளில் 1893இல் லீகை விட்டு விலகி மூன்றே ஆண்டில் கலைந்த அக்ரிங்டன் நீங்கலாக 11 இன்றும் உயிரோடு இருக்கின்றன. அந்த ஊரின் பெயரைச் சுமக்கும் அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு கிளப். 2025-26 தொடங்கியபோது நான்கு கிளப்புகள் பிரீமியர் லீகில், ஐந்து இரண்டாம் பிரிவில், போல்டன் மூன்றில், நாட்ஸ் கவுண்டி நான்கில். தோல்வியறியாத பிரஸ்டன் 1961இல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது, இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் அதே டீப்டேல் மைதானத்தில்தான் ஆடுகிறது. லீகைத் தொடங்கிய கிளப்புகளில் முதல் பருவத்து மைதானத்தில் இன்றும் ஆடுபவை பிரஸ்டனும் பர்ன்லியும் மட்டுமே.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. கிளப்பின் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. மைதானத்தை விற்கத் தனி ஆணையத்தின் அனுமதி வேண்டும். உரிமையாளராக வருபவரின் பணமும் தகுதியும் சோதிக்கப்படும். பரி போன்ற ஊர்களுக்குக் காலங்கடந்து வந்த சட்டம், என்றாலும் சரியான சட்டம். பிரீமியர் லீகை விடாமல் பார்க்கும் தமிழ் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை இரவு முடிவுகளைப் பார்க்கும்போது இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவுகளின் பட்டியலையும் திறந்து பாருங்கள். லீகைத் தொடங்கிய கிளப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கின்றன.