வெள்ளக் காலத்து ரப்பர் படகு: தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மணல் மூட்டை, சவுக்குக் கட்டை, கயிறு, கைவிளக்கு முதலியவற்றைச் சேகரித்து வைப்பது ஊராட்சி ஒன்றியங்களின் வழக்கம். அவற்றோடு காற்றடைத்து உபயோகிக்கும் சிறு ரப்பர் படகையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளமும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையும் இதன் அவசியத்தை நன்கு உணர்த்தின. காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வெளியூரிலிருந்து உதவி வந்து சேரும்வரை, ஊரில் உள்ள சாதனமே உயிர் காக்கும் சாதனமாகும்.

படகு வாங்கும்போது நீளம் எவ்வளவு, எத்தனை பேர் ஏறலாம், விலை என்ன என்று கேட்கிறோம். தளம் எத்தகையது என்று கேட்பவர் சிலரே. நாமும் ஒருமுறை அவ்வாறு கேட்கத் தவறினோம். விலை குறைவு என்று துணித்தளப் படகு ஒன்றை வாங்கினோம். மறு ஆண்டு வெள்ளத்தின்போது, கால் எலும்பு முறிந்த முதியவர் ஒருவரை வீட்டுத் திண்ணையிலிருந்து படகுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இருவர் படகில் எழுந்து நின்று அவரைத் தூக்கினர். தளம் அவர்கள் காலடியில் குழிந்தது. நிலை தடுமாறி மூவரும் சரிந்தனர். இடுப்பளவே நீர் இருந்தமையால் முதியவர் பிழைத்தார். அன்று கற்ற பாடத்தையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

இத்தகைய படகை மிதக்கச் செய்பவை அதன் பக்கக் குழல்களே. தளத்தின் வேலை வேறு. ஆட்கள் உறுதியாக நிற்பதற்கும், பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவுவதற்கும், எந்திரத்தின் தள்ளுவிசையால் படகு நடுவில் மடங்காமல் இருப்பதற்கும் தளமே ஆதாரம். தளங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது துணித்தளம். அடித்துணியைத் தவிர வேறு தாங்கல் இல்லை. எடை மிகக் குறைவு, விலையும் குறைவு, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் எழுந்து நிற்க இயலாது. கால் பதியும் இடத்தில் குழி விழுந்து நீர் தேங்கும். அமைதியான குளத்தில் துடுப்புப் போட இது போதும். மீட்புப் பணிக்கு உதவாது.

இரண்டாவது சட்டத்தளம். ரீப்பர் கட்டைகளைப் போன்ற மரச்சட்டங்கள் குறுக்கே வரிசையாகத் துணியில் பொருத்தப்பட்டிருக்கும். பாய் சுருட்டுவது போல் படகோடு சேர்த்துச் சுருட்டலாம். பூட்டும் வேலை இல்லை. நிற்க ஓரளவு இடம் கொடுக்கும். எனினும் படகின் நீளவாக்கில் விறைப்பு இராது. ஆதலால் துடுப்புக்கோ மிகச் சிறிய எந்திரத்துக்கோதான் இது ஏற்றது.

மூன்றாவது பலகைத்தளம். ஒட்டுப்பலகையினாலோ அலுமினியத்தினாலோ ஆன சில துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, இரு ஓரங்களிலும் நீளச் சட்டம் செருகி இறுக்குவார்கள். வீட்டுத் தரையில் நிற்பது போல் நிற்கலாம். கட்டிலோடு நோயாளியை இறக்கலாம். நீரில் மறைந்த வேலிமுள்ளோ கருவேல முள்ளோ அடித்துணியைக் கிழித்தாலும் பலகையைத் துளைத்து ஆள்மீது பாயாது. குறை யாதெனில், எடை அதிகம். பூட்ட நேரமும் பழக்கமும் தேவை. பலகைக்கும் துணிக்கும் இடையே மணல் புகுந்தால் நாளடைவில் துணி தேய்ந்து ஓட்டையாகும்.

நான்காவது காற்றுத்தளம். இதன் மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இணைக்கின்றன. காற்று அடைக்கும்போது நூல்கள் இழுத்துப் பிடிப்பதால், தளம் தலையணை போல் உப்பாமல் பலகை போல் விறைக்கிறது. 1956-இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் பறக்கவிட்ட காற்றடைத்த விமானத்தின் இறக்கைகளும் இம்முறையில் அமைந்தவையே. பக்கக் குழல்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 3 அல்லது 4 பவுண்டு அழுத்தம் போதும். இத்தளத்துக்கோ 10 பவுண்டு அளவில் வேண்டும். அழுத்தம் குறைந்தால் விறைப்பும் போய்விடும். மூன்று மீட்டர் நீளமுள்ள படகில், பலகைத்தளத்தைவிட இது சுமார் பத்துக் கிலோ எடை குறைவாக இருக்கும். ஆனால் நீண்ட முள் அடித்துணியோடு இதையும் துளைக்கக்கூடும். உள்ளே நூல் நிறைந்திருப்பதால் சிறு ஒட்டு தவிர மற்றப் பழுதுகளை ஊரில் சரிசெய்வது கடினம்.

இவற்றுள் எதைத் தேர்வது? படகு செல்லும் பாதையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நீர் விளிம்புவரை டிராக்டரோ லாரியோ செல்லக்கூடிய ஊராயின் எடை ஒரு பொருட்டன்று, பலகைத்தளமே சிறந்தது. வரப்பின் மீதும் சேற்றிலும் தலைச்சுமையாகக் கொண்டுசெல்ல வேண்டிய ஊருக்குக் காற்றுத்தளம் ஏற்றது. ஆனால் அழுத்தமானியும் இரண்டாவது பம்பும் உடன் இருத்தல் வேண்டும்.

வாங்குமுன் ஏரியிலோ கண்மாயிலோ மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். ஊர் இளைஞர் நால்வர், கைவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் படகைப் பூட்டட்டும். எத்தனை நிமிடம் ஆகிறதென்று குறித்துக்கொள்க. அவர்களே அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பர்லாங்கு தூரம் நடக்கட்டும். பின்னர் ஆழம் குறைந்த கரையோரத்தில், உயிர்காப்பு உடுப்பு அணிந்து இருவர் படகில் நின்றபடி, மற்றொருவரைக் கரையிலிருந்து தூக்கி உள்ளே படுக்க வைக்கட்டும். இம்மூன்றிலும் தேறாத படகு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

பலகைத்தளத்தைப் பூட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கக் குழல்களில் முதலில் அரைக் காற்று மட்டும் அடைக்க வேண்டும். முன் பலகையையும் பின் பலகையையும் வைத்தபின், நடுப் பலகைகள் இரண்டையும் கூரை முகடு போல் நிமிர்த்திக் கோத்து, மெல்ல அழுத்தினால் அவை படிந்துவிடும். ஓரச் சட்டங்களைச் செருகிய பிறகே முழுக் காற்று அடைக்க வேண்டும். முழுக் காற்று அடைத்த படகில் பலகையைத் திணிக்க முயல்வோர் விரல் நசுங்கப் பெறுவர்.

வெயிலில் காற்று விரிவடையும் என்பதால், கரையில் நிறுத்தும்போது படகை நிழலில் வைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் அழுத்தம் குறையும். அப்போது மறுபடி பம்பு செய்ய வேண்டும். வேலை முடிந்தபின் நல்ல நீரில் கழுவி, மணல் போக்கி, உலர்த்தி, எலியும் கறையானும் அணுகாத உயரத்தில் வைப்பது கடமை.

கரை உடைத்துப் பாயும் வேகநீரில் சிறு படகை இறக்குதல் ஆகாது. அது தீயணைப்புத் துறையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் செய்ய வேண்டிய பணி. தேங்கிய நீரில் தவிப்போரை அழைத்து வருவதே நமது படகின் பணி. அவர்களுள் பெரும்பாலோர் தாமாக ஏறி அமர இயலாத முதியோரும், கர்ப்பிணிகளும், நோயாளிகளுமே. அவர்களைத் தூக்குபவன் கால் ஊன்றி நிற்க ஓர் உறுதியான தளம் வேண்டும். மழை வருமுன் அதை உறுதி செய்துகொள்வோமாக.